மேலூரில் இரண்டு நாள்: சுற்றிப் பார்க்க என்ன இருக்கிறது?

பயணப்பை:
எல்லாருக்கும் வணக்கம். தை மாதக் கடைசியில் மேலூரில் சொந்தத்தில் ஒரு கல்யாணம். கோயம்புத்தூரிலிருந்து நானும் அம்மாவும் எட்டாவது படிக்கும் என் மகனும் வருகிறோம். கல்யாணத்துக்கு முன்னால் இரண்டு நாள் கையில் இருக்கிறது. மேலூர் என்றால் எனக்குத் தெரிந்தது, திருச்சியிலிருந்து மதுரைக்குப் போகிற வழியில் வரும் ஊர் என்பது மட்டும்தான். சொந்தக்காரர்களைக் கேட்டால், "இங்க என்ன இருக்கு, மதுரைக்குப் போய் மீனாட்சியைக் கும்பிட்டு வாங்க" என்கிறார்கள். மீனாட்சியம்மன் கோயிலை நன்றாகவே பார்த்திருக்கிறோம். இந்த முறை மேலூரைச் சுற்றியே இருக்க ஆசை. அம்மாவுக்கு மூட்டு வலி, உயரம் ஏற முடியாது. பையனுக்குப் பறவைகள் என்றால் உயிர், கல்வெட்டு எழுத்துகளையும் எழுதிப் பழகிக்கொண்டிருக்கிறான். எங்கே போகலாம், எப்படிப் போகலாம், என்ன சாப்பிடலாம்? விவரமாகச் சொன்னால் உதவியாக இருக்கும்.

மாட்டுத்தாவணி:
அழகர்கோயில், பழமுதிர்சோலை, கீழடி அருங்காட்சியகம். மூன்றுக்கும் மேலூரிலிருந்து கார் பிடித்துப் போய்விட்டு வந்துவிடலாம். கீழடி அருங்காட்சியகம் 2023 மார்ச்சில் திறந்தது, பையனுக்கு நிச்சயம் பிடிக்கும். மேலூருக்குள்ளே என்று பார்த்தால் பெரிதாக ஒன்றும் இல்லை.

கண்மாய்க்கரை:
தம்பி மாட்டுத்தாவணி சொன்ன மூன்றும் நல்ல இடங்கள்தான், குறை சொல்ல மாட்டேன். ஆனால் மேலூரில் ஒன்றும் இல்லை என்பதை ஒப்புக்கொள்ள முடியாது. நான் இந்தப் பக்கத்து விவசாயி. தங்கச்சி கேட்டது ஊரைச் சுற்றி என்ன இருக்கிறது என்று. அதற்குப் பதில் சொல்கிறேன்.

முதல் நாள் காலையில் அரிட்டாபட்டி போங்கள். நான்குவழிச் சாலையில் நரசிங்கம்பட்டியில் மேற்கே திரும்பினால் வயலும் பாறையுமாக ஒரு சாலை போகும். தூரம் குறைவுதான், ஆட்டோ போதும். டவுன் பஸ்ஸும் உண்டு, ஆனால் நேரம் கேட்டுக்கொண்டு ஏற வேண்டும். 2022 நவம்பரில் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அரசு அறிவித்தது இந்த ஊரைத்தான். பக்கத்து மீனாட்சிபுரத்தையும் சேர்த்து 193 ஹெக்டேருக்கு மேல். ஏழு மலை, 72 ஏரி கண்மாய்கள், 200 இயற்கைச் சுனைகள், 3 தடுப்பணை என்று அந்த அறிவிப்பு சொல்கிறது.

அங்கே போனால் மலையை மட்டும் பார்த்துவிட்டுத் திரும்பாதீர்கள். கண்மாய்க் கரையில் நின்று மலையைப் பார்க்க வேண்டும். மழை பெய்தால் அந்த மொட்டைப் பாறையில் ஒரு சொட்டுக் கூடத் தங்காது, அப்படியே வழிந்து இறங்கும். பாறைக் குழிகளில் நின்றது சுனை. கீழே இறங்கியது ஓடை. ஓடையை மறித்தது கண்மாய். அது நிறைந்தால் கலுங்கு வழியாக மறுகால் பாய்ந்து அடுத்த கண்மாய்க்குப் போகும். மடையைத் திறந்தால் வயல். எங்கள் பக்கத்துப் பிள்ளைகளுக்கு இது தானாகவே தெரியும். உங்கள் மகனைக் கரையில் நடக்க வைத்து, மடை எங்கே, கலுங்கு எங்கே என்று தேடச் சொல்லுங்கள். ஊர்ப் பெரியவர் யாராவது அந்தப் பக்கம் வந்தால் கேட்டுப்பாருங்கள், எந்த மடைத் தண்ணீர் யார் வயலுக்கு எப்போது போகும் என்பது வரைக்கும் சொல்லுவார்.

அம்மாவுக்குக் கவலை வேண்டாம். அங்குள்ள குடைவரைச் சிவன் கோயில் மலையடிவாரத்திலேயே இருக்கிறது, மெதுவாக நடந்தால் போய்விடலாம். எங்கள் ஆட்கள் இடைச்சி மண்டபம் என்பார்கள். பாண்டியர் காலத்துக் குடைவரை, ஒரே பாறையைக் குடைந்து லிங்கத்தையும் அதிலேயே செதுக்கியிருக்கிறார்கள். உள்ளே வெயில் காலத்திலும் குளுகுளுவென்று இருக்கும்.

வல்லூறு:
பறவை பார்க்கிற பையன் என்றதும் ஓடி வந்தேன். அக்கா, அரிட்டாபட்டிக்கு விடிந்தும் விடியாமலும் போய்ச் சேருங்கள். அங்கே 250 வகைப் பறவைகள் பதிவாகியிருக்கின்றன. முக்கியமானவை மூன்று: லகர் வல்லூறு, ஷாஹீன் வல்லூறு, ராஜாளிக் கழுகு. மூன்றுமே செங்குத்தான பாறை இடுக்குகளிலும் கூடு வைப்பவை. லகர் வல்லூற்றைத் தென்னிந்தியாவில் பார்ப்பது அரிது, அதைத் தேடியே வெளியூரிலிருந்து ஆட்கள் வருகிறார்கள்.

தை, மாசி என்பது இவை கூடு கட்டி முட்டையிடும் காலத்தை ஒட்டி வருகிறது. அதனால் ஒரு வேண்டுகோள். பாறை உச்சிக்கு ஏறிப் பார்க்க முயல வேண்டாம், ட்ரோன் வேண்டவே வேண்டாம். கீழே கண்மாய்க் கரையில் நின்று பைனாகுலரில் பார்த்தாலே போதும். பாறை முகத்தில் வெள்ளையாக எச்சம் வழிந்த கோடு தெரிந்தால் அதற்கு மேலே கண் வையுங்கள், அங்கேதான் உட்காரும். புறாக் கூட்டம் திடீரென்று சிதறிப் பறந்தால் உடனே வானத்தைப் பார்க்கச் சொல்லுங்கள். ஷாஹீன் மேலிருந்து இறங்கும் வேகம் ஒருமுறை கண்ணில் பட்டால் பையன் மறக்க மாட்டான்.

தேவாங்கும் அழுங்கும் (எறும்புதின்னி) மலைப்பாம்பும் அங்கே உண்டு. இவற்றைப் பகலில் தேடிப் போக வேண்டாம், இரவில் டார்ச் அடித்துக்கொண்டும் போக வேண்டாம். இருக்கின்றன என்று தெரிந்துகொண்டு வந்தால் சரி.

கல்லெழுத்து:
எழுத்து பழகும் தம்பிக்காக நான் கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

மேலூரைச் சுற்றியுள்ள மலைகளில் இருப்பவை தமிழின் மிகப் பழைய எழுத்துகள். அரிட்டாபட்டி, மீனாட்சிபுரம், கீழவளவு, கருங்காலக்குடி, திருவாதவூர் என்று ஐந்து இடங்களிலும் சமணத் துறவிகள் தங்கிய குகைத்தளங்கள், கற்படுக்கைகள், தமிழ் பிராமி எழுத்துகள். இப்படி ஒரே தாலுகாவில் நெருக்கமாக அமைந்த பகுதி தமிழ்நாட்டில் அபூர்வம்.

இவற்றில் மூத்தது மீனாட்சிபுரம் மலை. புத்தகங்களில் மாங்குளம் கல்வெட்டு என்றே இருக்கும். 1882-இல் ராபர்ட் சிவெல் கண்டறிந்து வெளியே சொன்னார். அதில் பாண்டியன் நெடுஞ்செழியன் பெயர் வருகிறது. அந்த அரசனின் பணியாளன் கடலன் வழுதி, நந்தஸிரி குவன் என்ற துறவிக்குப் பள்ளி, அதாவது தங்கும் இடம், அமைத்துக் கொடுத்தான் என்பது செய்தி. சங்கப் பாட்டில் படிக்கிற நெடுஞ்செழியன் என்ற பெயரைக் கல்லில் பார்க்கலாம். 1965-இல் ஐராவதம் மகாதேவன் இதை மறுபடி படித்து விளக்கிய பிறகுதான் இதன் முழு அருமை தெரிந்தது. பொது ஆண்டுக்கு முன் இரண்டாம் நூற்றாண்டு என்பது அவர் கணிப்பு. இன்னொரு கல்வெட்டு வெள்ளறை நிகமத்தார் என்று வணிகர் குழுவைச் சொல்கிறது. நீங்கள் மதுரையிலிருந்து வரும் சாலையில் வெள்ளரிப்பட்டி என்று ஒரு பெயர்ப்பலகை வரும். அந்த ஊர்தான் வெள்ளறை என்று அறிஞர்கள் சொல்கிறார்கள். ஆனால் ஏற்றம் கடுமை. அம்மாவால் முடியாது, பையனை அனுப்பினாலும் ஊர் ஆள் ஒருவர் கூட வர வேண்டும்.

கீழவளவு ஏறுவது அதை விடச் சுலபம். ஊர்க்காரர்கள் பஞ்சபாண்டவர் மலை என்பார்கள். அங்குள்ள வரியில் தொண்டியைச் சேர்ந்த உபாசகர் ஒருவர் கொடுத்த பள்ளி என்று இருக்கிறது. தொண்டி கடற்கரை ஊர், கீழவளவோ உள்நாடு. இரண்டாயிரம் ஆண்டுக்கு முன் அங்கிருந்து ஒருவர் இங்கே வந்து துறவிகளுக்குப் படுக்கை வெட்டிக் கொடுத்திருக்கிறார். அந்த வரியின் எழுத்துகள் தலைகீழாகவும் இடவலம் மாறியும் வெட்டப்பட்டிருக்கும். தம்பி ஒரு சின்னக் கண்ணாடி கொண்டு போகட்டும், நல்ல வேலை இருக்கிறது.

அரிட்டாபட்டிக்குத் திரும்ப வருகிறேன். அங்கே கழிஞ்சமலையில் மகாவீரர் சிற்பம் ஒன்று இருக்கிறது. அதில் பழைய வண்ணத்தின் மிச்சம் இன்னும் தெரிகிறது. கீழே வட்டெழுத்தில், அச்சணந்தி செய்வித்த திருமேனி என்றும், பாதிரிக்குடியார் ரட்சை என்றும் எழுதியிருக்கிறது. பாதிரிக்குடி என்பது அந்த ஊரின் பழைய பெயர். சிற்பத்தைச் செய்வித்தவர் அச்சணந்தி என்ற சமணத் துறவி, அதைக் காக்கும் பொறுப்பு ஊராருக்கு. ஆயிரம் ஆண்டுக்கு மேல் ஆகிவிட்டது, அந்த ஊர் சொன்ன சொல்லைக் காப்பாற்றிக்கொண்டிருக்கிறது. இதை அந்தப் பாறை முன்னால் நின்று மகனிடம் சொல்லுங்கள்.

ஒரு விஷயம் கண்டிப்பாக: எழுத்தின் மேல் சாக்பீஸ் தேய்க்கக் கூடாது, தண்ணீர் ஊற்றக் கூடாது, விரலால் தடவவும் கூடாது. காலை எட்டு மணிக்குள்ளோ மாலை நாலரைக்கு மேலோ போனால் சாய்ந்த வெயிலில் எழுத்து தானே தெரியும். படம் எடுத்து வந்து வீட்டில் எழுதிப் பார்க்கட்டும்.

பயணப்பை:
அண்ணே, தம்பி, சார், மூவருக்கும் நன்றி. இவ்வளவு இருக்கும் என்று நினைக்கவே இல்லை. மகன் இப்போதே கண்ணாடி எடுத்து வைத்துவிட்டான். அம்மாவுக்குக் கோயில்தான் முக்கியம். உயரம் ஏறாமல் நிதானமாக ஒரு நாள் கழிக்க இடம் இருக்கிறதா? அப்புறம் சாப்பாடு பற்றி யாரும் சொல்லவில்லையே.

மலையடிவாரம்:
நான் அரிட்டாபட்டிப் பக்கத்து ஊர்க்காரன். இழையை முதலிலிருந்து படித்தேன். எல்லாரும் நல்ல மனதோடு எழுதுகிறீர்கள். ஆனாலும் கேட்கிறேன், இதையெல்லாம் இப்படிப் பொதுவில் எழுத வேண்டுமா? பல்லுயிர்த் தலம் என்று அறிவித்ததிலிருந்து ஞாயிற்றுக்கிழமை ஆனால் கூட்டம். பெரும்பாலானோர் அமைதியாகப் பார்த்துவிட்டுப் போகிறார்கள். ஒரு சிலர் பாறையில் பெயின்டால் பெயர் எழுதுகிறார்கள், சுனைக்குள் பாட்டிலை உடைத்துப் போடுகிறார்கள். அந்தச் சுனையில் எங்கள் ஆடு மாடு தண்ணீர் குடிக்கிறது. மறுநாள் பொறுக்குவது எங்கள் பிள்ளைகள். பார்க்க வருபவர்கள் குறைந்தால் மலைக்கு நல்லது என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

வல்லூறு:
அண்ணன் சொல்வது உண்மை. நானும் கண்ணாடிச் சில்லுகளைப் பார்த்திருக்கிறேன். கூடு இருக்கும் பாறை எது என்று நான் எங்கேயும் எழுதுவதில்லை, இங்கேயும் எழுதவில்லை.

கண்மாய்க்கரை:
தம்பி மலையடிவாரம், உன் வருத்தம் எனக்குப் புரிகிறது. கோபத்திலும் நியாயம் இருக்கிறது. ஆனால் ஒன்றை யோசித்துப் பார். 2024 நவம்பரில் நம் பக்கம் டங்ஸ்டன் சுரங்க ஏலம் முடிந்த செய்தி வந்ததே. நாயக்கர்பட்டி பெயரில் கிட்டத்தட்ட 5,000 ஏக்கர். அரிட்டாபட்டி, வல்லாளப்பட்டி, நரசிங்கம்பட்டி என்று வரிசையாக ஊர்கள் அதற்குள் வந்தன. அன்றைக்கு நாம் மட்டும் கத்தியிருந்தால் யாருக்குக் கேட்டிருக்கும்? இந்த மலையை வந்து பார்த்தவர்கள், கல்வெட்டைப் படித்தவர்கள், பறவைக் கணக்கு எடுத்தவர்கள் எல்லாரும் பேசினார்கள். டிசம்பர் 9-ஆம் தேதி சட்டமன்றம் தீர்மானம் போட்டது. 2025 ஜனவரி 7-ஆம் தேதி நரசிங்கம்பட்டியிலிருந்து தல்லாகுளம் வரைக்கும் ஆண், பெண், கிழவர் என்று ஊர் ஊராகத் திரண்டு போனோமே. ஜனவரி 23-ஆம் தேதி ஏலத்தை ரத்து செய்வதாக மத்திய அரசு அறிவித்தது. கிராமசபையில் தீர்மானம் போட்டதும் தெருவில் இறங்கியதும் நாம்தான், அதில் மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் இங்கே என்ன இருக்கிறது என்று வெளியில் நாலு பேருக்குத் தெரிந்திருந்ததும் நமக்குத் துணை நின்றது.

மறைத்து வைத்த மலை என்ன ஆனது என்று கீழவளவுப் பக்கம் போய்ப் பார். சுற்றிலும் கிரானைட்டுக்காக வெட்டின குழிகள். எத்தனை பொட்டல், எத்தனை ஓடை போனது. யாரும் வந்து பார்க்காத இடமாக இருந்ததால்தானே அவ்வளவு சுலபமாக முடிந்தது?

அதனால் வரட்டும். ஊர் முறைப்படி வரட்டும். ஊர்ப் பொது இடமான மந்தையில் வண்டியை நிறுத்திவிட்டு, இன்னார், இதற்காக வந்திருக்கிறோம் என்று ஒரு வார்த்தை சொல்லட்டும். அப்படிச் சொன்னவர்களை நம் ஆட்கள் திருப்பி அனுப்பியதே இல்லை.

மலையடிவாரம்:
அண்ணே, அந்த நடைப் பேரணியில் எங்கள் அப்பத்தாவும் வந்தது. நீங்கள் சொல்வதை ஏற்றுக்கொள்கிறேன். சொல்லிவிட்டு வரட்டும், அது போதும். அக்கா, நீங்கள் வரும்போது மந்தையில் கேளுங்கள், யாராவது கூட வந்து காட்டுவார்கள். காசு கேட்க மாட்டார்கள். தண்ணீர் பாட்டிலையும் நொறுக்குத்தீனி உறையையும் மறக்காமல் திருப்பி எடுத்துப் போங்கள். ஊருணி பார்த்தால் அதில் கால் நனைக்க வேண்டாம், அது குடிக்கிற தண்ணீர்.

கல்லெழுத்து:
கீழவளவுக் குழிகள் பற்றி ஒரு எச்சரிக்கையைச் சேர்க்கிறேன். மழைக்குப் பிறகு அவற்றில் நீலமாகத் தண்ணீர் நிற்கும், பார்க்க அழகாக இருக்கும். ஆழம் மிக அதிகம், ஓரம் செங்குத்து, ஏற வழி கிடையாது. பையனை அருகிலேயே விடாதீர்கள்.

வெள்ளலூர்க்காரி:
ஏம்மா, அம்மாவைப் பற்றிக் கேட்டதற்கு யாருமே பதில் சொல்லவில்லை, நான் சொல்கிறேன்.

இரண்டாம் நாள் திருவாதவூர் போங்கள். மாணிக்கவாசகர் பிறந்த ஊர். அம்மா திருவாசகம் படிப்பவர் என்றால் அன்று முழுவதும் அங்கேயே இருந்துவிடுவார். திருமறைநாதர், வேதநாயகி அம்மன். சமதளத்தில் விசாலமான கோயில், படி ஏறும் வேலை அதிகம் இல்லை. மாணிக்கவாசகர் பிறந்த இடம் என்று சொல்கிற இடத்தில் தனியாக ஒரு சின்னக் கோயிலும் உண்டு. சங்கப் புலவர் கபிலரும் இந்த ஊர்க்காரர் என்று திருவிளையாடல் மரபில் வருகிறது. ஊர்க் கண்மாயில் தண்ணீருக்கு நடுவே மனித முகமும் விலங்கு உடலுமாகப் புருஷாமிருகம் சிலை ஒரு தூணில் நிற்கும், அதையும் பார்த்துவிட்டு வாருங்கள். மதியம் நடை சாத்திவிடுவார்கள், அதனால் காலையிலேயே போய்விடுங்கள்.

வைகாசியில் அந்தச் சாமி மேலூருக்குப் புறப்பட்டு வரும். ஊர் முழுக்க மாம்பழம் குவிந்திருக்கும், மாங்கொட்டைத் திருவிழா என்றே அதற்குப் பெயர். சின்ன வயதில் அந்த நாளுக்காகவே நாங்கள் காத்திருப்போம். நீங்கள் தையில் வருகிறீர்கள், அது கிடைக்காது.

எங்கள் வெள்ளலூர் நாட்டுத் திருவிழாவும் கிடைக்காது, அது புரட்டாசியில். ஏழைகாத்த அம்மன் கோயில். சின்னப் பெண் பிள்ளைகள் ஏழு பேரைத் தேர்ந்தெடுத்து, திருவிழா முடியும் வரை அவர்களையே அம்மனாக நினைத்துக் கும்பிடுவோம். ஆண்கள் உடம்பு முழுக்க வைக்கோல் பிரி சுற்றிக்கொண்டு வருவார்கள், பெண்கள் மதுக்கலயம் எடுப்பார்கள். வெள்ளலூர் நாட்டைச் சேர்ந்த எல்லா ஊரும் ஒன்று கூடும். வேலைக்காக எங்கே போயிருந்தாலும் அந்த வாரம் பிள்ளைகள் வந்துவிடுவார்கள். இன்னொரு தடவை புரட்டாசியில் வாருங்கள், எங்கள் வீட்டிலேயே தங்கலாம்.

சாப்பாடு. கல்யாண வீட்டில் எப்படியும் கறி விருந்து இருக்கும், அதனால் ஹோட்டல் தேடி அலைய வேண்டாம். பஸ் ஸ்டாண்டு பக்கம் சாயங்காலம் பருத்திப்பால் கிடைக்கும். கருப்பட்டியும் சுக்கும் போட்டு, மேலே தேங்காய்த் துருவல் போட்டுத் தருவார்கள். இரவில் பரோட்டாக் கடைகளில் கூட்டம் எங்கே அதிகமோ அங்கே உட்காருங்கள். பொங்கலுக்கு முன்னால் வந்திருந்தால் கரும்பைச் சொல்லியிருப்பேன். மதுரைச் சந்தைக்கு வரும் பொங்கல் கரும்பு நிறைய எங்கள் பக்கத்துடையதுதான். பத்து மாதம் சோகை உரித்து, சாயாமல் கட்டி வளர்ப்பது. உங்கள் நேரத்துக்கு அதெல்லாம் வெட்டி முடிந்திருக்கும். யார் வீட்டிலாவது ஒன்றிரண்டு எடுத்து வைத்திருந்தால் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

மாட்டுத்தாவணி:
மேலூரில் ஒன்றும் இல்லை என்று எழுதியதை விட்டுவிடுங்கள், இந்த இழையைப் படித்த பிறகு நானே ஒருநாள் போகப் போகிறேன். பஸ் விவரம் மட்டும் தருகிறேன். மதுரை மாட்டுத்தாவணி பஸ் ஸ்டாண்டிலிருந்து மேலூருக்கு நாள் முழுக்க பஸ் உண்டு, முக்கால் மணி நேரம் முதல் ஒரு மணி நேரம். திருவாதவூருக்கு மேலூரிலிருந்தும் போகலாம், ஒத்தக்கடையிலிருந்தும் போகலாம். ஒத்தக்கடை வழியாக வந்தால் யானைமலை அடிவாரத்தில் நரசிங்கப் பெருமாள் குடைவரையைப் பார்க்கலாம். 770-ஆம் ஆண்டுக் கல்வெட்டு அங்கே இருக்கிறது. அமைச்சர் மாறன்காரி தொடங்கியதைத் தம்பி மாறன் எயினன் முடித்தார் என்று அதில் வரும். அம்மாவுக்கும் சுலபம்.

கண்மாய்க்கரை:
இன்னும் ஒரு இடம் சொல்லாமல் விட மனம் வரவில்லை. மேலூரை ஒட்டிய தும்பைப்பட்டி. கக்கன் ஐயா 1908-இல் பிறந்த ஊர். அங்கே அவருக்கு மணிமண்டபம் இருக்கிறது, அரை மணி நேரம் போதும். 1939 ஜூலை 8-ஆம் தேதி வைத்தியநாத ஐயர் தலைமையில், அதுவரை தாழ்த்தப்பட்டோரை அனுமதிக்காத மீனாட்சியம்மன் கோயிலுக்குள் நுழைந்தவர்களில் அவரும் ஒருவர். 1957 முதல் 1967 வரை அமைச்சர். பொதுப்பணி, விவசாயம், உள்துறை என்று பெரிய துறைகள் எல்லாம் கையில் இருந்தன. கடைசிக் காலத்தில் உடம்பு முடியாமல் போனபோது மதுரை அரசு ஆஸ்பத்திரியில் சாதாரண வார்டில்தான் படுத்திருந்தார். எட்டாவது படிக்கும் பையன் அந்த மண்டபத்தை ஒரு தடவை பார்க்க வேண்டும். மதுரைக்குப் போய் மீனாட்சியைக் கும்பிடச் சொன்ன உங்கள் சொந்தக்காரர்களையும் கூட்டிப் போங்கள்.

வழியில் பெரியாறு வாய்க்காலைக் கடப்பீர்கள். 1895-இல் பென்னிகுயிக் முடித்த அணையின் தண்ணீர் மேற்குத் தொடர்ச்சி மலையைத் துளைத்து, வைகை வழியாக, கள்ளந்திரி தாண்டி இங்கே வருகிறது. கள்ளந்திரிக்கு மேலே 45,041 ஏக்கர் இருபோகம், அதற்குக் கீழே எங்கள் பக்கம் 85,563 ஏக்கர் ஒருபோகம். எங்களுக்குப் புரட்டாசி வாக்கில் தண்ணீர் விட்டால் தை, மாசியில் அறுப்பு. அதனால் நீங்கள் வரும்போது ஒரு வயலில் கதிர் தலை சாய்ந்து நிற்கும், அடுத்த வயலில் மெஷின் அறுத்துக்கொண்டிருக்கும், கண்மாயில் தண்ணீரும் இருக்கும். வருஷத்தில் எங்கள் ஊரைப் பார்க்க இதை விட நல்ல நேரம் கிடையாது.

பயணப்பை:
அண்ணே, கண் கலங்கிவிட்டது. தும்பைப்பட்டிக்குக் கட்டாயம் போகிறோம். முதல் நாள் அரிட்டாபட்டி, நேரம் இருந்தால் மாலையில் கீழவளவு. இரண்டாம் நாள் யானைமலை அடிவாரம், திருவாதவூர், வரும் வழியில் தும்பைப்பட்டி. சரியா? இடையபட்டியில் ஒரு கோயில் காடு இருப்பதாக எங்கோ படித்தேன், அதைச் சேர்க்கலாமா?

வெள்ளலூர்க்காரி:
கீழவளவையும் அரிட்டாபட்டியையும் ஒரே நாளில் போடாதீர்கள், ஆளுக்கொரு திசை. அம்மா களைத்துப் போவார். அரிட்டாபட்டியை மட்டும் வைத்துக்கொண்டு மதியம் தூங்குங்கள். கீழவளவுக்குப் பையனை மாமா யாரோடாவது கல்யாணத்துக்கு மறுநாள் அனுப்பலாம். தும்பைப்பட்டி திருவாதவூர் வழியில் வராது, மேலூருக்கு அந்தப் பக்கம். கருங்காலக்குடி போகிற நாளில் சேர்த்தால் ஒரே சாலை.

மலையடிவாரம்:
இடையபட்டி வெள்ளிமலைக் கோயில் காட்டுக்குப் போகலாம் அக்கா, ஆனால் அது சாமி இடம். செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் நுழைய வேண்டும். ஒரு சுள்ளியைக் கூட ஒடிக்கவோ எடுக்கவோ கூடாது, விழுந்து கிடந்தாலும் அப்படியேதான் கிடக்க வேண்டும். அங்கே மரம் அப்படி நிற்பதற்குக் காரணம் அந்தக் கட்டுப்பாடுதான். அதை மதித்துப் போகிறவர்களை ஊர் சந்தோஷமாகவே வரவேற்கும்.

வல்லூறு:
அக்கா, மகனிடம் ஒரு நோட்டுக் கொடுத்து விடுங்கள். கண்மாயில் தையில் நீர்க்காகம், சிறகி, அரிவாள்மூக்கன், தாழைக்கோழி எல்லாம் இருக்கும். எந்தப் பறவை, எந்தக் கண்மாய், எத்தனை மணி என்று குறித்து வைத்தால் பின்னால் அந்தக் கணக்கு மலைக்கே உதவும். 2024-இல் அப்படிக் குறித்து வைத்திருந்த பட்டியல்கள்தான் நமக்குக் கைகொடுத்தன.

பயணப்பை:
கொடுத்துவிடுகிறேன் தம்பி. கடைசியாக ஒன்று. மேலூர்ப் பக்கம் மீன்பிடித் திருவிழா நடக்கும் என்று மகன் வீடியோவில் பார்த்திருக்கிறான். தையில் பார்க்க முடியுமா?

கண்மாய்க்கரை:
தையில் முடியாது தங்கச்சி. கண்மாயில் தண்ணீர் வற்றி, விவசாயம் முடிந்த பிறகுதான் மீன் பிடிப்போம். பங்குனிக்கு மேலே, வைகாசி வரைக்கும் ஒவ்வொரு ஊராக நடக்கும். தேதியை முன்கூட்டிச் சொல்ல முடியாது, தண்ணீர் எவ்வளவு வற்றியிருக்கிறது என்று பார்த்து ஊர் முடிவு செய்து, இரண்டு மூன்று நாளைக்கு முன்னால் சுற்று வட்டாரத்துக்குச் சொல்லி விடுவார்கள். விடியற்காலையிலேயே கச்சா, ஊத்தா, வலை என்று கையில் கிடைத்ததோடு கரையில் கூட்டம் நிற்கும். ஊர்ப் பெரியவர் சாமி கும்பிட்டுவிட்டு வெள்ளைத் துண்டை வீசினால்தான் இறங்கலாம், அதற்கு முன்னால் ஒருவரும் கால் வைக்க மாட்டார்கள். கெண்டை, விரால், கெளுத்தி என்று அகப்பட்டதை யாரும் விற்பதில்லை, வீட்டில் குழம்பு வைத்துச் சாப்பிடுவதுதான் வழக்கம், சாமிக்குச் செய்கிற மாதிரி. எந்தச் சாதி, எந்த ஊர் என்று கேட்க மாட்டார்கள், வந்தவர்கள் எல்லாரும் இறங்கலாம். பையனுக்குப் பள்ளி லீவு விடுகிற சமயம்தான். ஊர் சொன்னதும் இந்த இழையிலேயே எழுதுகிறேன். முதல் நாள் ராத்திரியே கிளம்பினால் விடிவதற்குள் மேலூர் வந்து சேர்ந்துவிடலாம்.